பூட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு

பள்ளிக்கூடத்தைப் பூட்டுவது ரொம்பச் சுலபம். ஒரு அரசாணை, ஒரு பூட்டு. முடிந்தது வேலை. திறப்பதுதான் கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம்? 2020 மார்ச் 17-ம் தேதி தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு அவை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. இடையே 594 நாட்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தை, முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்பு!

கொரோனாவின் கதையை நமக்கு எல்லோரும் சென்னையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாறுதலுக்கு நாம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போவோம்.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மாவட்டம். 2007 நவம்பரில் அரியலூர் தனியாகப் பிரிந்தது. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஆலைகள், முந்திரிக்காடு. பெரும்பாலும் மானாவாரி பூமி. மழை பொய்த்தால் ஆம்பளைகள் வெளியூருக்குப் பிழைக்கப் போயாக வேண்டும். அப்படிப் போனவர்களில் ஏராளமானவர்களுக்குச் சோறு போட்ட இடம், கோயம்பேடு மார்க்கெட். மூட்டை தூக்குகிற வேலை.

2020 ஏப்ரல் கடைசியில் அந்த மார்க்கெட்டே நோயின் மையமானது. மே 5-ம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். வேலை போனது. தங்க இடமும் இல்லை. கிடைத்த லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள் அந்த மனிதர்கள். அடுத்த நாள், மே 6. தமிழ்நாடு முழுக்க 771 பேருக்குத் தொற்று. சென்னையில் 324. அதற்கு அடுத்த இடத்தில் எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? கோவையா, மதுரையா? இல்லை. அரியலூர். ஒரே நாளில் 188 பேர்.

அதுவரை 'பட்டணத்து வியாதி'யாக இருந்தது, ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து வீட்டு வியாதி ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தனியே தங்கவைக்க மாநிலத்தின் பல இடங்களில் பள்ளி, கல்லூரிக் கட்டடங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வேறு எங்கே அத்தனை பெரிய கட்டடம் சும்மா இருக்கிறது? பிள்ளை படிக்கப் போன இடம், நோயாளியை வைக்கிற இடமானது. அந்தப் பயம் லேசில் போகுமா?

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். செந்துறைப் பக்கமோ, வேப்பூர்ப் பக்கமோ. ஒரே அறை. அப்பா ஊர் திரும்பிவிட்டார், வேலை இல்லை. அம்மா களை எடுக்கப் போகிறார். திண்ணையில் சர்க்கரை வியாதியோடு அப்பத்தா. பெரியவள் பத்தாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரே செல்போன், அதில் பாதி நாள் ரீசார்ஜ் இருக்காது.

இந்த அம்மாவிடம் போய், 'பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமா?' என்று கேட்டால் என்ன சொல்வார்?

நிஜமாகவே கேட்டார்கள். 2020 நவம்பர் 16-ம் தேதி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகளைத் திறப்பதாக முதலில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பும் கூடவே வந்தது. சரி, பெற்றோரையே கேட்டுவிடுவோம் என்று நவம்பர் 9-ம் தேதி மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சிலர் 'திற' என்றார்கள், சிலர் 'வேண்டாம்' என்றார்கள். நவம்பர் 12-ம் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், திறப்பு ரத்து.

கேட்டது நல்ல விஷயம். ஆனால் அந்த அம்மா எதை வைத்துப் பதில் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். தினம் சாயங்காலம் அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்று தொற்று இத்தனை, குணமானவர் இத்தனை, இறந்தவர் இத்தனை. மாவட்ட வாரியாக, சுத்தமான கணக்கு. அதே மாவட்டத்தில் இன்றைக்கு எத்தனை குழந்தைகள் எழுத்தை மறந்தார்கள், எத்தனை பையன்கள் படிப்பை விட்டு வேலைக்குப் போனார்கள், எத்தனை பெண்களுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள் என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை. பி.காம். முதல் வருஷத்தில் முதல் பாடமே இதுதான்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு எழுத வேண்டும். இங்கே நோய்க்குப் பேரேடு இருந்தது. பூட்டுக்கு இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதின கணக்கைக் காட்டி, 'என்னம்மா சொல்றே?' என்றால் அவர் வேறென்ன சொல்வார்?

இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்த ஒரு மனிதர் நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வருவோம்.

1918. இன்ஃப்ளூயன்ஸா உலகத்தையே வாரிச் சுருட்டிக்கொண்டு போன வருஷம். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அமெரிக்காவில் ஊர் ஊராகப் பள்ளிகளை மூடினார்கள். நியூயார்க் மூடவில்லை. அங்கே சுகாதாரத் துறையின் தலைவர் ராயல் கோப்லாண்ட். கண்டபடி திட்டு வாங்கினார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் சுமார் பத்து லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் வசிப்பது காற்றே நுழையாத நெருக்கடிக் குடியிருப்புகளில். பள்ளியை மூடினால் அந்த இருட்டறையிலும் தெருவிலும்தான் கிடக்கப்போகிறார்கள். பள்ளிக்கூடம் அதைவிடச் சுத்தம், அதைவிடக் காற்றோட்டம். தினம் காலையில் ஆசிரியை முகத்தைப் பார்ப்பார். இருமினால் தனியே உட்காரவைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி, பின்னாடியே நர்ஸ் போவார்.

சும்மா தைரியத்தில் சொல்லவில்லை அவர். நியூயார்க்கில் 1902-லேயே பள்ளிகளுக்கு நர்ஸ் போட்டுவிட்டார்கள். பதினாறு வருஷ ஏற்பாடு பின்னால் இருந்தது. கொள்ளைநோய் வந்த பிறகு கிளம்பி நர்ஸ் தேடவில்லை. அவர் செய்ததை அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. அந்த நோய் வேறு, இந்த நோய் வேறு. ஆனால் 'பள்ளியில் என்ன ஆபத்து?' என்று கேட்ட அதே மூச்சில், 'வீட்டில் என்ன ஆபத்து?' என்றும் கேட்டார் பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்ற யோசனையும் புதுசு கிடையாது. 1937-ல் சிகாகோவில் போலியோ. செப்டம்பரில் பள்ளி திறக்க முடியவில்லை. ரேடியோவில் பாடம் நடத்தினார்கள். அன்றன்றைய பாட அட்டவணை பேப்பரில் வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கான ஏற்பாடு. என்ன பிரச்னை வந்திருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். ரேடியோ இல்லாத வீடு என்ன செய்யும்? சரியாக எடுக்காத வீடு? வாத்தியார் வேகமாகப் போனால், 'சார், புரியலை' என்று ரேடியோவிடம் யார் சொல்வது? ஆனால் அங்கே அது சில வாரக் கூத்து. நம்மூரில் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது, நல்லவேளையாக. அதைத்தான் ஒன்றரை வருஷத்துக்கு நம்பச் சொன்னோம்.

சரி, கதைக்கு வருவோம். 2021 ஜனவரியில் பெற்றோரை மறுபடி கேட்டார்கள். இந்த முறை பெரும்பாலோர் சம்மதம். ஜனவரி 19-ம் தேதி பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் திறந்தன. வகுப்புக்கு 25 பேர். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். வாசலில் வெப்பமானி. வைட்டமின், துத்தநாக மாத்திரை. வருகை கட்டாயமில்லை. பிப்ரவரி 8-ல் ஒன்பதும் பதினொன்றும் வந்தன.

ஏன் பெரிய பிள்ளைகள் முதலில்? பொதுத் தேர்வு இருக்கிறதே! இந்த இடத்தில் டென்மார்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் முதலில் பள்ளியைத் திறந்த நாடு, 2020 ஏப்ரல் 15-ல். அவர்கள் திறந்தது குட்டிப் பிள்ளைகளுக்கு. பெரியவன் தானாகப் படித்துக்கொள்வான், சின்னது படிக்காது, அதைப் பார்த்துக்கொள்ள அம்மா அப்பா வேலையை விட்டு உட்கார வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, முடிந்தவரை வெளியே மைதானத்தில் பாடம். நாம் தலைகீழாகப் போனோம். வேடிக்கை என்னவென்றால், எந்தத் தேர்வுக்காக அவசரப்பட்டோமோ அதுவே நடக்கவில்லை. பிப்ரவரி 25-ல் ஒன்பது, பத்து, பதினொன்று எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். ஜூன் 5-ல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்து.

பெற்றோரின் பயம் வெறும் பயமாகவும் இல்லை. அரியலூரிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். அங்கே அம்மாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 2021 மார்ச் மத்தியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று. மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு மறுபடி பூட்டு. அடுத்து வந்த இரண்டாம் அலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மே 21-ம் தேதி ஒரே நாளில் 36,184 பேர். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. அந்த மாதம் பள்ளியைத் திற என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை அடித்தே துரத்தியிருப்போம். அதுவும் நியாயம்தான்.

ஆனால் அலை வடிந்த பிறகு? 2021 ஆகஸ்டில் ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா முதலான பொருளாதார நிபுணர்கள், தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களில் ஏழை எளிய வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தது நூற்றுக்கு 8 பேர். எதுவுமே படிக்காமல் இருந்தது 37 பேர். பள்ளியைத் திறந்தால் தேவலை என்றவர்கள்? கிராமத்துப் பெற்றோரில் நூற்றுக்கு 97 பேர். கடைசியில் ஒருவர் இரண்டாவது பேரேட்டைப் பிரித்துக் காட்டிவிட்டார்.

செப்டம்பர் 1-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு, நவம்பர் 1-ல் ஒன்று முதல் எட்டு. இந்த முறை திறந்ததில் ஒரு முக்கிய வித்தியாசம் இருந்தது. ஆசிரியர்களும் ஊழியர்களும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே 2022 ஜனவரி 3-ல்தான் ஆரம்பித்தது. ஆக, குழந்தையைச் சுற்றியிருக்கிற பெரியவர்களுக்கு ஊசி போட்டு வேலி கட்டுகிற ஏற்பாடு இது. பள்ளியில் வாத்தியார், வீட்டில் அப்பத்தா. அந்த அம்மாவின் பயம் முக்கால்வாசி அப்பத்தாவைப் பற்றியதுதானே?

இன்னொன்று, காற்று. முதல் வருஷம் முழுக்க உலகமே பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தது. நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றில் பரவுகிறது என்பது மண்டையில் ஏற நாளானது. இதுவும் பழைய பாடம்தான். காசநோய்க்குப் பயந்து 1904-ல் ஜெர்மனியில் சார்லட்டன்பர்க் என்ற ஊரில் காட்டுக்குள் பள்ளி நடத்தினார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். திண்ணையும் வேப்பமரமும் எதற்கு இருக்கின்றன?

அந்தத் திண்ணையைத் தேடித்தான் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் தொடக்கம். முதலில் 12 மாவட்டம், அப்புறம் மாநிலம் முழுக்க. தன்னார்வலர் ஒருவருக்குச் சுமார் இருபது பிள்ளைகள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஊருக்குள்ளேயே. சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

பலன் இருந்ததா? 220 கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்த ஓர் ஆய்வு இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் செய்தது. பூட்டியிருந்த காலத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை, திறந்த ஆறே மாதத்தில் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்பில் கிட்டத்தட்ட கால்வாசி இந்தச் சாயங்கால வகுப்பின் கைங்கரியம். சந்தோஷமான செய்தி. மீதி மூன்றில் ஒரு பங்கு என்ற வார்த்தையையும் மறக்காமல் படித்துவிடுங்கள்.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது மறுபடி மூடினார்கள். ஆனால் பிப்ரவரி 1-ல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒரே நாளில் திறந்துவிட்டார்கள். இரண்டு பக்கக் கணக்கும் அதற்குள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது.

அடுத்த தொற்று வரத்தான் போகிறது. எப்போது என்று தெரியாது, அவ்வளவுதான். அன்றைக்கும் முதலில் பூட்டத்தான் செய்வோம், செய்ய வேண்டியும் இருக்கும். பூட்டிய அன்றே இரண்டாவது பேரேட்டையும் பிரித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் தெருப் பள்ளியில் ஜன்னல் திறக்கிறதா, நர்ஸ் வருகிறாரா என்று இப்போதே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகாத அந்தக் குழந்தைகள் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். 2030-ல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதுவார்கள். செந்துறையிலும் வேப்பூரிலும் அந்த 594 நாளின் கணக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரியும்.