எந்த மொழியில் தொடங்குவது? இருமத் தேடலை முன்வைத்து ஓர் ஆய்வு

கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர் முதலில் கேட்பது பெரும்பாலும் 'எந்த மொழியில் தொடங்கலாம்?' என்பதுதான். வேலையில் சில ஆண்டுகள் கழித்த நிரலாளர் கேட்பது வேறு: 'கல்லூரியில் படித்த கணக்கு எங்கே பயன்பட்டது?' இரண்டுக்கும் ஆசிரியர்களிடம் ஆயத்த விடைகள் உண்டு. மொழி எதுவானாலும் கருத்து ஒன்றே என்பார்கள். கணிதம் சிந்தனையைக் கூர்மையாக்கும் என்பார்கள். கேட்டவரை மரியாதையாக வழியனுப்ப இந்த விடைகள் போதும். ஆனால் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டு மற்றதற்கு விடை சொல்ல முடியாது என்பது என் வாதம். அதற்கு முதலாண்டு மாணவரும் அறிந்த இருமத் தேடலே போதுமான சான்று.

வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவைப் பார்த்து, தேடும் மதிப்பு அங்கு இல்லையென்றால் ஒரு பாதியைத் தள்ளிவிட்டு மறுபாதியில் தேடுவது இதன் முறை. ஜான் மாக்லி 1946இல் இதை விளக்கினார். எந்த நீளமுள்ள பட்டியலுக்கும் பொருந்தும் வடிவம் அச்சேற 1960 ஆயிற்று. அதை வெளியிட்டவர் டி. எச். லெமர். இவ்வளவு எளிய ஒன்றுக்குப் பதினான்கு ஆண்டுகள். தொழில்முறை நிரலாளர்களிடம் இதை எழுதச் சொல்லிப் பார்த்த ஜான் பென்ட்லி, பத்தில் ஒன்பது பேரின் நிரலில் பிழை இருந்ததாக 1986இல் வெளிவந்த 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூலில் பதிவு செய்தார். அதே நூலில் சரியான வடிவத்தை எழுதி, அது சரி என்று நிறுவியும் காட்டினார்.

கதை அங்கே முடியவில்லை. ஜாவா நூலகத்துக்குத் தாம் எழுதிய இருமத் தேடலில் பிழை இருப்பதாக ஜோஷுவா பிளாக் 2006 ஜூனில் அறிவித்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உலகெங்கும் ஓடிய நிரல் அது. பென்ட்லியின் நிரலிலும் அதே பிழை இருந்தது. நடுவிடத்தைக் காணக் கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். ஜாவாவின் முழு எண் 2,147,483,647க்கு மேல் போகாது. பட்டியலில் ஏறத்தாழ 107 கோடி உறுப்புகள் இருந்தால் கூட்டுத்தொகை அந்த வரம்பைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். தீர்வு ஒரு வரிதான்: இரண்டு எல்லைகளின் வித்தியாசத்தில் பாதியைக் கீழெல்லையோடு கூட்டினால் போதும்.

கணிதம் தேவையில்லை என்போர் இதைத் தம் கட்சிக்குச் சான்றாக்கலாம்: நிறுவியும் பிழை நீங்கவில்லையே! ஆனால் நிறுவலில் தவறில்லை, எண்களுக்கு முடிவே இல்லை என்ற எடுகோள்தான் எந்திரத்தில் பொய்த்தது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1988இல் எதிர்முனையில் நின்றார். தொடக்கநிலை மாணவர் நிரலை ஓட்டிப் பார்க்கும் ஆசைக்கு ஆளாகாதிருக்க, வளாகத்தின் எந்தக் கணினியிலும் இயங்காத மொழியில் அவர்களை எழுதவைக்க வேண்டும் என்றார். அவருடைய கண்டிப்பில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இயங்காத மொழியில் எழுதுபவர் அந்த எடுகோள் பொய்ப்பதை ஒருபோதும் சந்திக்கமாட்டார். அதற்காக ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. ஜாவாவும் பைத்தானும் பயன்படுத்தும் டிம்சார்ட் என்ற வரிசையாக்க நிரலை எத்தனையோ பேர் பல ஆண்டுகள் ஓட்டியிருந்தார்கள். 2015இல் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் அதன் ஜாவா வடிவம் சரி என்று நிறுவ முயன்றார்கள். நிறுவல் கைகூடாத இடத்தில் பிழை அகப்பட்டது.

இனி முதல் கேள்வி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் பொறியியல் முதல் பருவ நிரலாக்கப் பாடம் சி மொழியிலிருந்து பைத்தானுக்கு மாறியது. பைத்தானின் முழு எண்ணுக்கு நினைவகம் தவிர வேறு வரம்பு இல்லை. அந்த மொழியில் இருமத் தேடல் எழுதும் மாணவர் பிளாக்கின் பிழையைச் செய்யவே முடியாது; ஆகவே அதை அறியவும் வழியில்லை. முன்பு நம் கல்லூரி ஆய்வகங்களில் ஓடிய டர்போ சி-யை இன்று எல்லாரும் கேலி செய்கிறோம். அதன் முழு எண் 16 பிட், உச்சவரம்பு 32,767. அதில் 20,000 உறுப்புகள் கொண்ட பட்டியலின் கடைசி உறுப்பைத் தேடினால் முதல் நடுவிடம் 9,999, அடுத்தது 14,999. மூன்றாம் சுற்றில் 15,000ஐயும் 19,999ஐயும் கூட்டுகிறது. 34,999 வர வேண்டிய இடத்தில் -30,537 வருகிறது. நடுவிடம் -15,268 ஆகிறது. 107 கோடிக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. டர்போ சி-யைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் மொழி எதுவானாலும் ஒன்றுதான் என்ற விடை பொய். எந்தப் பிழை கண்ணில் படும், எது மறைந்திருக்கும் என்பதை மொழி தீர்மானிக்கிறது.

இதைக் கற்பிப்பதற்கான கருவி தமிழ்நாட்டுப் பாடநூலிலேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு. புதிய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல், சி++ மொழிக்குள் நுழையுமுன், ஆடு, புல்கட்டு, ஓநாய் மூன்றையும் ஆற்றைக் கடத்தும் புதிர் வழியாக விவரக்குறிப்பைச் சொல்லித்தருகிறது. பின்னர் மடக்கு எத்தனை முறை சுழன்றாலும் மாறாமல் உண்மையாக இருக்க வேண்டிய கூற்றான மாற்றமிலியை அறிமுகம் செய்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வருகிறது. ஆக, பள்ளி முடிக்கும் மாணவர் கையில் எல்லையுள்ள எண் கொண்ட ஒரு மொழி, எல்லையற்ற எண் கொண்ட ஒரு மொழி, சரியா என்று விசாரிக்கும் முறை ஆகிய மூன்றும் இருக்கின்றன. இவற்றை ஒருங்கே கோக்கும் வினாதான் இல்லை. அந்த வினாவை இப்படி அமைக்கலாம்: ஒரே இருமத் தேடலை சி++இலும் பைத்தானிலும் கொடுத்து, அதன் மாற்றமிலியை எழுதச் சொல்லுங்கள்; எந்த நீளத்துக்கு மேல், எந்த மொழியில், அந்தக் கூற்று பொய்யாகிறது என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண் போதும்.