புழுங்கலரிசி காத்த உயிர்கள்



நம் வீடுகளில் ஒரு காலத்தில் இரண்டு வகை அரிசி இருந்தது. பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசி. அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசி. கப்பலேறி வந்த நம் முன்னோரோடு இந்தப் பழக்கமும் மலாயாவுக்கு வந்து சேர்ந்தது. இன்று பல வீடுகளில் அது மறைந்துவிட்டது. புழுங்கலரிசியில் ஒரு வாடை அடிக்கிறது, சோறு பழுப்பாக இருக்கிறது, விருந்தாளிக்குப் போட வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி அதை ஒதுக்கியவர்கள் நம்மில் பலர். அப்படி ஒதுக்கப்பட்ட அரிசியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், இந்த நாட்டில் ஒருவன் எந்த அரிசியை உண்டான் என்பதே அவன் பிழைப்பானா மாட்டானா என்பதைத் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது.

பெரிபெரி என்ற நோயின் பெயரை நம் பாட்டன்மார் அறிவார்கள். முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும். கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலிக்கும். சிலருக்கு உடல் வற்றிப் போகும். வேறு சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் மேலே ஏறி, மூச்சு வாங்கி, இதயம் தளர்ந்து திடீரென்று உயிர் போய்விடும். ஈயச் சுரங்கங்களில் மண் சுமந்த சீனத் தொழிலாளர் இந்த நோயால் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இதே கதைதான். கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியபோது அதன் முன் நின்ற பெரிய கேள்விகளுள் இதுவும் ஒன்று.

அக்காலத்து மருத்துவர் பலர் இதைத் தொற்றுநோய் என்றே நம்பினார்கள். கிருமி என்றார்கள், ஈரத்தரை என்றார்கள், காற்றோட்டம் இல்லாத கொட்டடி என்றார்கள். கொட்டடியைக் கழுவினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். நோய் மட்டும் போகவில்லை.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கொசு. ஆனால் சுரங்கத்துச் சீனருக்கு வரும் பெரிபெரி, பக்கத்துத் தோட்டத்துத் தமிழருக்கு அநேகமாக வருவதே இல்லை. கம்பத்தில் வாழும் மலாய்க்காரருக்கும் அது அரிது. ஏன்? மூவரும் சோறு தின்பவர்கள்தாம். ஆனால் மூவரின் அரிசி வேறு. மலாய்க்காரர் தாம் விளைத்த நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்தி உண்டார்கள். அதில் தவிடு ஒட்டியிருந்தது. சீனத் தொழிலாளர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்த புழுங்கலரிசி. தாம் கண்டதைப் பிராடன் 1907-இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். வெள்ளையரிசி கெட்டு அதில் நஞ்சு உண்டாகிறது என்பது அவர் முடிவு. அந்த முடிவு தவறு. ஆனால் குற்றவாளி அரிசிதான் என்று கைகாட்டியது சரி.

இதைச் சோதித்துப் பார்த்தவர் ஃபிளெட்சர் என்ற மருத்துவர். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. அரிசிதான் காரணம் என்பதை அவர் நம்பவில்லை. இடத்தில்தான் கோளாறு என்று எண்ணினார். அதையும் பார்த்துவிடுவோமே என்று, அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், நோயாளிகள் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு பக்கக் கொட்டடி. இரட்டைப்படை வந்தவர்கள் எதிர்ப் பக்கம். முதல் கூட்டத்துக்குப் பழையபடி சயாம் வெள்ளையரிசி, மற்றக் கூட்டத்துக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் இருவருக்கும் ஒன்றே. சில மாதம் கழித்து இரு கூட்டத்தையும் கொட்டடி மாற்றிப் போட்டார், அரிசியை மாற்றவில்லை. இடம்தான் காரணம் என்றால் நோயும் இடம் மாறி இருக்க வேண்டும் அல்லவா?

நோய் அரிசியின் பின்னாலேயே போயிற்று. 1906-ஆம் ஆண்டு முடிவதற்குள் வெள்ளையரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாத நோயாளிகளை, அவர்கள் சம்மதம் கேளாமல், இப்படி இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். இன்று எந்த நாட்டிலும் அதற்கு இசைவு கிடைக்காது. அந்தப் 18 பேரின் பெயர்களும் நமக்குத் தெரியாது. ஆனாலும் நாம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பகுதி அவர்கள் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது.

அதன் பிறகு ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் டுரியான் டீப்புஸ் என்ற காட்டுப் பகுதிக்குப் போனார்கள். அங்கே சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை அதே முறையில் இரு கூட்டமாக்கினார்கள். அதற்கு முன் ஆளே குடியிராத காடு. பழைய கொட்டடி, பழைய கிருமி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளையரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. பிறகு கோலாலம்பூருக்குத் திரும்பிக் கோழிகளை வைத்துச் சோதித்தபோது, அரிசியைத் தீட்டும்போது உதிரும் தவிட்டிலேயே நோயைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று கண்டார்கள். 1909-இல் முடிவை வெளியிட்டார்கள். மறு ஆண்டு மணிலாவில் கூடிய கீழைநாட்டு மருத்துவர் மாநாடும், தீட்டிய வெள்ளையரிசியையே தொடர்ந்து உண்பதால் பெரிபெரி வருகிறது என்று தீர்மானம் செய்தது.

கோழிக் கதைக்கு இதைவிடப் பழைய தொடக்கம் ஒன்று உண்டு, அதுவும் ஒரு சமையலறையிலிருந்து. இன்று ஜாகர்த்தா எனப்படும் பத்தாவியாவில், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவரின் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழத் தொடங்கின. பிறகு தாமாகவே தேறின. விசாரித்தபோது, இராணுவ மருத்துவமனைச் சமையற்காரர் மீந்துபோன வெள்ளைச் சோற்றைக் கோழிக்குக் கொடுத்து வந்திருக்கிறார் என்று தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரரோ, இராணுவத்துச் சோறு வெளிக் கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். தவிடு போகாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அந்தக் கஞ்சச் சமையற்காரரின் பெயர் எங்கும் போற்றப்படவில்லை. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டிலிருந்த பொருளை 1926-இல் அதே ஊரில் பளிங்குத் துகளாகப் பிரித்தெடுத்தார்கள். அதைத்தான் இன்று நாம் வைட்டமின் பி1 என்கிறோம்.

சரி, புழுங்கலரிசியிலும் தவிடு போய்விடுகிறதே, அது மட்டும் எப்படிக் காத்தது? நெல் அவிக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். நெல்லை உமியோடு ஊறப்போடுகிறோம், அவிக்கிறோம், வெயிலில் உலர்த்துகிறோம், அதன் பிறகுதான் குத்துகிறோம். பி1 நீரில் கரையும் சத்து. ஊறி வேகும்போது அது தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தள்ளினாலும், உள்ளே போனதில் பெரும்பகுதி தங்கிவிடும்.

இதைச் சொல்லும்போது நம்மில் சிலர் உடனே, நம் முன்னோருக்கு வைட்டமின் அன்றே தெரியும் என்று மார்தட்டுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவித்த நெல்லில் உமி எளிதில் கழலும். குத்தும்போது நொய் விழுவது குறையும். அரிசி கெட்டியாகிப் பூச்சி அரிப்பதும் குறையும். அதற்காகத்தான் அவித்தார்கள். பலன் தானாக வந்தது. தோட்டத்துத் தமிழனை அது எல்லாவற்றிலிருந்தும் காக்கவும் இல்லை. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் லயங்களில் அள்ளிக்கொண்டு போன உயிர்கள் ஏராளம். பெரிபெரி என்ற ஒரு வாசலைத்தான் புழுங்கலரிசி அடைத்து வைத்தது.

அந்த வாசலும் ஜப்பானியர் காலத்தில் திறந்துகொண்டது. 1942 முதல் 1945 வரை வெளிநாட்டு அரிசி வரவு பெரிதும் குறைந்து போயிற்று. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. கிழங்கு பசியை அடக்கும். ஆனால் அதில் பி1 மிகக் குறைவு. சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைக் காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொன்றன. உடன் பெரிபெரியும் இருந்தது. கால் வீங்கித் திரும்பியவர்களைப் பற்றி இன்னும் பேசும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

இன்று கதை வேறு. 2019-இல் மலேசிய அரசு எடுத்த நலக் கணக்கெடுப்பில், வயது வந்த இந்தியரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. நாடு முழுவதற்கும் பார்த்தால் ஐவரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. புழுங்கலரிசிக்கு மாறினால் சர்க்கரை நோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதுவும் சோறுதான், அளவு வேண்டும். பால்மரம் வெட்டிய உடம்புக்குப் போட்ட சோற்றின் அளவை, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைக்கும் போடுவது எப்படிப் பொருந்தும்? தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பாசிப்பயறும் முருங்கைக்கீரையும் மீனும் ஏறினால் பி1-ம் வரும், வயிறும் நிறையும்.

பெரிபெரியும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. சம்சுவும் சாராயமும் குடித்துவிட்டுச் சோறு தொடாமல் படுப்பவரின் உடம்பில் பி1 தங்காது. அவர் கால் மரத்துப் போகிறது என்றால் சர்க்கரையாக இருக்கலாம். இந்தச் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக் காலத்தைக் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குடியைப் பற்றி வீட்டார் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. உரிய நேரத்தில் கொடுத்தால் இந்தச் சத்து மருந்து வேலை செய்யும். முற்றிய பிறகு நரம்பு முழுதும் திரும்புவது கடினம்.

இனி அடுப்படி. பச்சரிசியோ புழுங்கலோ, தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவினால் சத்து சாக்கடைக்குத்தான் போகும். பச்சரிசியில் இழப்பு இன்னும் அதிகம். கல், தூசி போக ஒன்றிரண்டு முறை அலசினால் போதும். கஞ்சி வடிக்கும் வீடாக இருந்தால் வடித்த கஞ்சியைக் கொட்டாமல் ரசத்துக்கோ குழம்புக்கோ சேர்த்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர் மட்டும் அதைக் குடிக்காமல் விடுவது நல்லது. வாடைதான் பிடிக்கவில்லை என்பவர்கள், முதலில் பச்சரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து வடித்துப் பாருங்கள்.