அரங்கத் தீவின் ஒட்டுமா

முதற்பெற்றோர் உண்ட கனி எது என்று மறைக்கல்வி வகுப்பில் வினவினால், நம் சிறுவர்கள் தயக்கமின்றி 'ஆப்பிள்' என்பர். ஐரோப்பிய ஓவியர் தீட்டிய படங்களைக் கண்டே நாமும் நம் பெற்றோரும் மறைக்கல்வி கற்றோம். எனவே இவ்விடை வியப்பிற்குரியதன்று. தொடக்க நூலோ 'கனி' என்று மட்டுமே கூறி நிற்கிறது. மரத்தின் இனத்தைச் சொல்லவில்லை. இலத்தீன் மொழியில் 'மாலும்' என்று ஒரே வகையாய் எழுதப்படும் சொல் தீமையையும் ஆப்பிளையும் குறிக்க நேர்ந்தது. அச்சொல்லொற்றுமை மேலை ஓவியருக்கு வாய்ப்பாயிற்று. அப்படத்தை முதலில் தீட்டியவன் தமிழனாக இருந்திருப்பின், ஏவாளின் கையில் மாங்கனியே இருந்திருக்கும் என்பது என் துணிபு.

ஆப்பிளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அயலகக் கனியாயினும் அது இன்று இந்நாட்டிற்கு உறவாகிவிட்டது. தொழுநோயாளர்க்குத் தொண்டு புரிய 1904ஆம் ஆண்டு இந்தியா வந்த அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ், இமாசல மலைச்சரிவிலுள்ள கோட்கரில் குடியேறி, 1916ஆம் ஆண்டையொட்டித் தம் தாய்நாட்டு ஆப்பிள் கன்றுகளைத் தருவித்து நட்டார். 'ரெட் டெலிசியஸ்' எனப்படும் அவ்வகை முழுவதும், அயோவா மாநிலத்து உழவர் ஒருவரின் தோட்டத்தில் தானே முளைத்த ஒற்றை மரத்தின் வழிவந்தது. விதை வழி வந்ததன்று. ஒட்டு வழி வந்தது. ஆப்பிளின் விதையை ஊன்றினால் மரம் வரும். தாய்மரத்தின் கனி வாராது. நம் மாவிற்கும் பெரும்பாலும் இதுவே நிலை.

இதனை நூல்களில் முன்பே படித்திருந்தேன். எனினும் அதன் பொருள் விளங்கியது, சென்ற வைகாசியில் எம் பங்கின் மறைக்கல்விச் சிறுவர் இருபதின்மரை மாங்காய்ப் பறிப்பிற்கு அழைத்துச் சென்ற அன்றுதான்.

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓடி, இடையே ஒரு தீவை வளர்த்திருக்கிறது. ஆற்றிடைக்குறை என்னும் பொருளில் அதற்கு அரங்கம் என்று பெயர். அத்தீவின் கீழ்ப்பால் அமைந்த திருவானைக்கா என்னும் பெயரின் ஈற்றிலுள்ள 'கா' என்பது சோலை. அங்குத் தலமரம் வெண்ணாவல். கோபுரங்கள் எழுமுன்னரே மரங்களால் அறியப்பட்ட நிலம் இது என்பதற்கு இப்பெயரே சான்று. திருவரங்கக் கோயிலின் கல்வெட்டுகளிலும் நந்தவனங்களுக்கு நிலம் ஈந்த கொடைகள் பல உண்டு. பூவுக்கும் நிழலுக்கும் கனிக்குமாக மரம் நடுதலை அக்காலத்தார் அறமாகவே கொண்டிருந்தனர்.

நாங்கள் சென்றது மேலூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையை அடுத்த மூன்று ஏக்கர் தோப்பு. அதன் உடைமையாளர் வைணவப் பெரியவர். மரங்களுள் மூத்தவை அவருடைய பாட்டனார் நட்டவை. தோப்பின் காவலும் பறிப்பும் ஒட்டுக்கட்டும் வேலையும் எம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்றின் பொறுப்பில் மூன்று தலைமுறையாக இருந்துவருகின்றன. ஆகவே தோப்பு ஒருவருடையது, அதன் கலை இன்னொருவருடையது. நிலப்பதிவேட்டில் முன்னவரின் பெயர் மட்டுமே இருக்கும். வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் பதிவேட்டைப் பார்த்தே எழுதுகின்றனர்!

நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் கொக்கியும் அதன்கீழ் வலைப்பையும் கட்டிய துறட்டியே அங்குப் பறிப்புக் கருவி. காயைக் காம்புடன் கொய்ய வேண்டும். காம்பு ஒடிந்தால் பால் பீறிட்டுத் தோலைக் கருக்கிவிடும். பிள்ளைகளின் கன்னத்தில் பட்டால் புண்ணாகும். கொய்த காய்களைக் காம்பு கீழ்நோக்கும்படி கவிழ்த்து வைத்துப் பால் வடிந்தபின் வைக்கோற் படுக்கைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வளவையும் காவலர் ஒருமுறை செய்து காட்டினார். பிறகு துறட்டியைச் சிறுவர் கையில் கொடுத்துவிட்டார். உடைமையாளர் திண்ணையில் அமர்ந்து, கீழே விழுந்த காய்களை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பெருந்தன்மையை நான் குறிப்பிடாமல் விடலாகாது.

அங்குக் காய்த்துத் தொங்கியது இமாம் பசந்து. திருச்சி மக்கள் பெருமையுடன் உரிமை கொண்டாடும் கனி இது. மெல்லிய தோல், நாரற்ற சதை, சிறிய கொட்டை, ஒரு கைக்கு அடங்காத பருமன். காய்ப்பில் மட்டும் கஞ்சத்தனம். தோலின் மென்மையால் தொலைதூரப் பயணத்தைத் தாங்காது. ஆகவே உலகச் சந்தையில் அதற்கு அல்போன்சாவின் புகழ் இல்லை. ஓரிரு மாதங்கள் வந்து போகும், அவ்வளவே.

சிறுவன் ஒருவன் காவலரிடம், "இந்தக் கொட்டையை நட்டா எங்க வீட்டிலயும் இது காய்க்குமா தாத்தா?" என்றான். அவர் சிரித்தார். "மரம் வரும் தம்பி, இந்தப் பழம் வராது. இந்தப் பழம் வேணும்னா இந்த மரத்தையேதான் கூட்டிக்கிட்டுப் போகணும்" என்றார்.

ஒட்டுக்கட்டுதலுக்கு இதனினும் நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. நாட்டு மாங்கொட்டையைத் தொட்டியில் முளைக்க வைத்து, ஓராண்டுக் கன்றான பின் தாய்மரத்தின் கிளையருகே பரண் கட்டி ஏற்றுகின்றனர். கன்றின் தண்டிலும் கிளையிலும் ஒரே அளவு பட்டையைச் சீவி, காயத்தோடு காயம் பொருந்தக் கட்டுகின்றனர். இரண்டு மூன்று மாதங்களில் இரண்டும் ஒன்றாகின்றன. பின்னர்க் கிளையைத் தாயிடமிருந்தும், கன்றின் தலையை அதன் வேரிடமிருந்தும் நறுக்கிவிடுகின்றனர். இதுவே நெருக்கு ஒட்டு. நாற்றங்கால்களில் இப்பொழுது மென்தண்டு ஒட்டு முதலிய விரைவான முறைகள் வந்துவிட்டன, கோட்பாடு ஒன்றே. இவ்வாறு நோக்கின், இன்று உலகில் நிற்கும் ஒவ்வொரு இமாம் பசந்து மரமும் என்றோ எங்கோ நின்ற ஒரே மரத்தின் கிளைதான். இடையில் ஒரு தலைமுறை ஒட்டுக் கட்டத் தவறியிருந்தால் கனி மறைந்திருக்கும்.

அவ்வாறாயின் அக்கைகள் எவருடையவை? இங்குதான் நம் திருச்சபை வரலாறும் குறுக்கிடுகிறது.

ஒட்டும் கலையை இந்தியர் அறியாதவர் அல்லர். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் சம்கிதை அதனைக் கூறுகிறது. ஆயினும் மாவில் அதனைப் பெருமளவில் கையாண்டு, நல்ல கனிகளைத் தெரிந்தெடுத்து, பெயரிட்டுப் பேணும் வழக்கம் போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவில்தான் வேரூன்றியது. அப்பணியில் முன்னின்றோர் இயேசு சபையார் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. கோவாவில் 1563ஆம் ஆண்டு அச்சேறிய கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலில் மாங்கனி பற்றியும் ஓர் உரையாடல் உண்டு. பம்பாய்த் தீவில் தமக்கிருந்த மாமரம் ஆண்டிற்கு இருமுறை காய்த்ததாக அவர் அதில் எழுதியுள்ளார். போர்த்துக்கீசியரின் 'மாங்கா' என்ற சொல்லும், அதன்வழி ஐரோப்பிய மொழிகள் பலவும் வழங்கும் சொல்லும், நம் தென்னாட்டு 'மாங்காய்' தந்தவையே.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தியா வந்து, முதுமையில் சென்னையில் வாழ்ந்த வெனிசு நகரத்தார் நிக்கோலாவ் மனுச்சி, தம் மொகலாய வரலாற்று நூலில், மிகச் சிறந்த மாங்கனிகள் கோவாவில் விளைவன என்று கூறி அவற்றின் பெயர்களையும் அடுக்குகிறார். நிக்கோலாவ் அபோன்சோ, ஜோவானி பரேரா என மனிதர் பெயர்களே அவற்றுள் பல. அல்போன்சா மாம்பழம் ஆளுநர் அபோன்சோ த ஆல்புகெர்க்கின் பெயரால் அமைந்தது என்பது பரவலான கருத்து. மனுச்சியின் பட்டியலைக் கண்டபின் எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துவிட்டது. கோட்டை பிடித்தவரைவிட, மரம் வளர்த்த யாரோ ஒரு நிக்கோலாவே அதன் பெயருக்கு உரியவராக இருத்தல் கூடும். தமிழ்நாட்டிலும் 'பீட்டர்', 'பாதிரி' என்னும் பெயர்களில் மாவகைகள் உண்டு. நம்மவர் பெயர் என்று உடனே மகிழ்ந்துவிடவும் வேண்டாம். பாதிரி என்றொரு பழந்தமிழ் மலரும் இருக்கிறது.

1759ஆம் ஆண்டு, போர்த்துக்கல் அமைச்சர் போம்பாலின் கொள்கையால் கோவாவின் இயேசு சபையார் சிறைப்பட்டனர், பின்னர்க் கப்பலேற்றப்பட்டனர். 1773இல் சபையே கலைக்கப்பட்டது. மதுரை மறைப்பணித் தளத்திற்கு அவர்கள் மீண்டு வந்தது 1838ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் தோட்டங்கள் கைமாறின. மரங்களோ நின்ற இடத்திலேயே நின்று காய்த்தன. அவற்றிலிருந்து ஒட்டெடுத்தவர் இந்து உழவரும் கிறித்தவ உழவருமே.

இமாம் பசந்தின் பெயர் வேறொரு வாயிலைக் காட்டுகிறது. 'பசந்து' என்பது விருப்பத்திற்குரியது எனப் பொருள்படும் பாரசீகச் சொல். 'இமாம்' இசுலாமியத் தொழுகைத் தலைவர். ஐதராபாத்தில் இக்கனியையே 'ஹிமாயத்' என்பர். ஆற்காட்டு நவாபு முகமது அலியின் காலத்தில் திருச்சி அரசியலின் நடுமையமாக இருந்தது. அக்காலத் தோட்டங்களின் வழியாகவே இக்கனி காவிரிக் கரையை அடைந்திருக்க வேண்டும் என நான் ஊகிக்கிறேன்.

அக்காலம் தோப்புகளுக்கு இனிய காலமன்று. 1752ஆம் ஆண்டு சூன் திங்களில், சந்தா சாகிபுக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படைத்தலைவர் ஜாக் லா, இதே அரங்கத் தீவில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். அம்முற்றுகையில் பங்கேற்ற கிளைவ், ஐந்தாண்டுகள் கழித்து, 1757 சூன் 23இல், வங்காளத்துப் பிளாசியில் ஒரு மாந்தோப்பில் படையை நிறுத்திப் போரிட்டு வென்றார். 'தோப்பு' என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் 'டோப்' என ஏறியது அவர்கள் இம்மண்ணில் பாசறை அமைத்துத் திரிந்த நாள்களின் எச்சம். அவர்களுக்கு அது படை தங்கும் நிழல். இமாம் பசந்தை வைத்துக் காத்தவர்க்கு அது வேறு.

பறிப்பு முடிந்து இளைப்பாறுகையில், பவுலடியார் உரோமையர்க்கு எழுதிய மடலின் 11ஆம் அதிகாரத்தைச் சிறுவர்க்கு எடுத்துரைத்தேன். காட்டு ஒலிவக் கிளை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்டு அதன் வேரின் வளத்தில் பங்குபெறும் உவமை அது. காவலர் குறுக்கிட்டார்: "காட்டுக் கிளையை நல்ல மரத்துல யாரு சாமி ஒட்டுவாங்க? நல்ல கிளையைத்தான் காட்டு மரத்துல ஒட்டுவோம். பவுலுக்குத் தோட்டவேலை தெரியாது போல." குருமடத்தில் இவ்வதிகாரத்தைக் கிரேக்க மூலத்துடன் பயின்றவன் நான், இத்தடை அறிஞர் பலர் எழுப்பியதுதான். இது இயற்கைக்கு மாறான செயல் என்று பவுலே ஒப்புக்கொள்கிறார் என்று கூறினேன். பெரியவர் திண்ணையிலிருந்தபடியே, "அதுதானே அருள் என்பது?" என்றார். நான் விளக்கத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

எம் நகரின் தூய வளனார் கல்லூரியில், 1967ஆம் ஆண்டு அருட்தந்தை கே.எம். மத்தேயு சே.ச. நிறுவிய ராபினாட் உலர்தாவரக் கூடம் இருக்கிறது. தமிழகத்துச் செடிகொடிகளை அழுத்தி உலர்த்தித் தாள்களில் ஒட்டி அரும்பாடுபட்டுக் காத்துவருகின்றனர். 2004இல் மறைந்த அவ்வறிஞர் எழுதிய தாவர நூல்களுக்கு அதுவே அடித்தளம். ஆயினும் உலர்ந்த இலை 'இது மாமரம்' என்று சொல்லுமே தவிர, 'இது இமாம் பசந்து' என்று சொல்லாது. அதன் சுவையையும் தாராது. ஒரு கனி வகையை உயிருள்ள கிளையாக மட்டுமே காக்க இயலும்.

தீவின் தோப்புகள் ஒவ்வொன்றாக மனைப்பிரிவுகளாகி வருகின்றன. நகரம் பெருகும்போது வீடும் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. எம் பங்கு மக்களில் பலர் அத்தகைய மனைகளில்தான் குடியிருக்கின்றனர். பெரியவரின் மக்கள் மூவரும் வெளிநாட்டில் உள்ளனர். நிலத்தரகர் இருமுறை வந்து சென்றதாக அவரே சொன்னார். காவலரின் மகன் நகரத்தில் வாகனம் ஓட்டுகிறான், ஒட்டுக்கட்டத் தெரியாது, கற்க நேரமுமில்லை.

அன்று நாங்கள் புறப்படுமுன் காவலர் பரணைக் காட்டினார். பழைய மரமொன்றின் தாழ்கிளையருகே பதினொரு தொட்டிகள் ஏற்றப்பட்டு, கன்றும் கிளையுமாகச் சணலால் கட்டுண்டிருந்தன. ஆடி பிறந்ததும் நறுக்கிவிடலாம் என்றார். அவற்றுள் இரண்டைப் பங்கு வளாகத்திற்குத் தருமாறு பெரியவர் கூறினார்; நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டில் காய்க்கத் தொடங்குமாம். வகுப்பில் மூத்த மாணவி ஒருத்தி, கட்டுவதைத் தனக்குக் கற்றுத் தரலாமா என்று கேட்டாள். காவலர் அவளை ஏற இறங்கப் பார்த்து, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, முதலில் அதைத் தீட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார்.