தொட்டாலே ஊமையான கேபிள்

1973 மே 22 அன்று, கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் ரொபர்ட் மெட்காஃப் ஒரு குறிப்பைத் தட்டச்சு செய்தார். எல்லாக் கணினிகளையும் ஒரே கேபிளில் கோத்துவிடலாம். பேச வேண்டியவர் பேசட்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்து மோதிக்கொண்டால், இருவரும் சற்றுப் பொறுத்துவிட்டு மறுபடி தொடங்கட்டும். ஈதர்நெட் என்று அதற்குப் பெயர் வைத்தார். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. கேபிளை இழுத்த பிறகே வினை தொடங்கியது.

பத்து வருடம் கழித்துத் தரநிர்ணயம் பெற்ற அந்தக் கேபிள் விரல் மொத்தம் இருந்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க, கேபிளிலேயே துளை போட்டு, நடுக்கம்பி வரைக்கும் ஓர் ஊசியை இறக்க வேண்டும். இரத்தக்காட்டேரி என்பது அந்தக் கருவியின் பட்டப்பெயர். வெளிப்பின்னலில் ஓர் இழை நழுவி நடுக்கம்பியைத் தொட்டால் போதும், கேபிளில் இருந்த அத்தனை கணினிகளும் ஊமையாகிவிடும். ஒரு கேபிளில் 100 இணைப்புகள் வரை அனுமதி இருந்தது. நூறாவது ஆளுக்கு வாசல் திறக்கப் போய் தொண்ணூற்றொன்பது பேரின் வேலையைக் கெடுக்கும் இந்தப் பிழைப்பு எத்தனை காலத்துக்கு ஓடும்?

பிறகு ஆளுக்கொரு வயர், நடுவில் ஹப் என்றொரு பெட்டி வந்தது. வயர் அறுந்தால் ஒருவருக்கு மட்டுமே நஷ்டம். ஆனால் பெட்டிக்குள்ளே நடந்தது லயத்துப் பீலிச் சண்டைதான்: எத்தனை வாளி வந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிரம்பும். கூட்டத்தைப் பிரித்துவிட பிரிட்ஜ் என்ற கருவி இருந்தது. அதுவோ ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் முழுதாக வாங்கி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த பக்கம் தள்ளியது. அவ்வளவு பொறுமை எதற்கு என்று சிலிக்கன் பள்ளத்தாக்கில் ஒருவர் கேட்டார்.

அவர் வினோத் பரத்வாஜ், இந்திய வம்சாவளிக்காரர். லாரி பிளேயருடன் சேர்ந்து தொடங்கிய கம்பனிக்குத் தன் மனைவி கல்பனாவின் பெயரையே வைத்திருந்தார். 1990ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்த கல்பனாவின் ஈதர்நெட் ஸ்விட்ச், பொட்டலத்தின் முகவரியைப் படித்த கையோடு, வால் வந்து சேருமுன்பே தலையை அனுப்பிவிட்டது. ஒரு சோடி பேசும்போது இன்னொரு சோடியும் தடையின்றிப் பேசியது. ஆனால் அதில் இருந்தவை ஏழே ஏழு போர்ட்கள். எட்டாவது ஆள் வந்து நின்றான்.

அந்தச் சமயத்தில் சிஸ்கோ என்ற கம்பனி, வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டர் விற்றுக் கொழித்துக்கொண்டிருந்தது. 1993இல் அதன் பெரிய வாடிக்கையாளரான போயிங், க்ரெசெண்டோ என்ற சின்னக் கம்பனியின் ஸ்விட்ச் தங்களுக்கு வேண்டும் என்றது. சிஸ்கோ சண்டைக்குப் போகவில்லை. ஒன்பதரைக் கோடி டொலர் அளவில் கொடுத்து க்ரெசெண்டோவையே வாங்கிக்கொண்டது. மறுவருடம் கல்பனாவும் அதன் கைக்கு வந்தது. க்ரெசெண்டோவின் மரியோ மட்ஸோலா, பிரேம் ஜெயின், லூகா கஃபியேரோ கூட்டம் வளர்த்த கட்டலிஸ்ட் வரிசையில் 5000 என்ற பெட்டி 1995இல் வெளிவந்தது. அதற்கு ஐந்து ஸ்லொட்டுகள்: முதலாவதில் மூளை, மற்ற நான்கில் வேண்டிய போர்ட் கார்டுகள். எட்டாவது ஆளுக்கும் எண்பதாவது ஆளுக்கும் இடம் கிடைத்தது. ஒரு கார்டை மாற்ற முழுப் பெட்டியையும் அணைக்க வேண்டி வந்தால் மட்டும், மீண்டும் இரத்தக்காட்டேரிக் காலம்தான்.

ஓடும் பெட்டிக்குள் கார்டைச் செருகினால் அது மின்சாரத்தைத் திடீரென்று உறிஞ்சும்; அழுத்தம் சரிந்து பக்கத்துக் கார்டுகளும் தடுமாறும். இதற்கான மருந்து ஊசிகளின் நீளத்தில் இருந்தது. எர்த் ஊசியும் மின்சார ஊசியும் மற்றவற்றைவிட ஒரு மயிரிழை நீளம். செருகும்போது அவை முதலில் தொடும், கழற்றும்போது கடைசியில் விடும். கார்டு மெல்ல விழித்துக்கொண்ட பிறகே தகவல் ஊசிகளுக்கு வேலை. கார்டின் இரு ஓரங்களிலும் உள்ள நெம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதும் இதனால்தான். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த வரிசை குலைந்துவிடும்.

கார்டுக்குள்ளும் கழற்றிச் செருகும் குட்டி மொடியூல் வந்தது ஒரு விபத்து என்றே சொல்லலாம். சன், கொம்பக் போன்ற கம்பனிகள் 1995இல் வட்டுச் சேமிப்பகங்களை இணைக்க வகுத்த ஜிபிக் அது. 1998இல் கிகாபிட் ஈதர்நெட் தரநிர்ணயம் பெற்றபோது ஸ்விட்ச்காரர்கள் அதை அப்படியே சுவீகரித்துக்கொண்டார்கள். சில வருடங்களில் அது பாதிக்கும் குறைவாகச் சுருங்கி எஸ்எஃப்பி ஆனது.

அந்தச் சுண்டுவிரல் மொடியூல் மலை ஏறியும் வந்துவிட்டது. பதுளையில் ஒரு பெரிய அலுவலகத்தின் ஸ்விட்ச் நிறுத்தப்படாமலே கார்டு மாறுகிறது. அந்த மொடியூலிலிருந்து கட்டிடத்துக்குக் கட்டிடம் கண்ணாடி இழை போட்டிருந்தால் மின்னலும் அதன் வழியே உள்ளே வருவதில்லை. ஆனால் ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் அதே வறண்ட காற்று, மனித உடம்பில் நிலைமின்னையும் ஏற்றுகிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே விரலுக்கு எதுவும் உறைப்பதில்லை. சிப்புக்கு 100 வோல்ட்டே எமனாகலாம். மணிக்கட்டில் எர்த் பட்டி கட்டாமல் அப்போது தொட்ட கார்டு உடனே சாகாமல், ஐப்பசி இடிமழை வரை இழுத்துக்கொண்டு கிடக்கவும் கூடும். அப்போது பழி நமுனுகுலை மலை மின்னலுக்குத்தான்.