டெட்ராய்ட் 1-8-7: ஊருக்குள் வந்து பிறந்த தொடர்

முதலில் திட்டமிட்டபோது இந்தத் தொடரின் கதைக்குள்ளேயே ஒரு கேமராக் குழு இருந்தது. கொலை வழக்குகளை விசாரிக்கும் டெட்ராய்ட் போலீஸாரின் பின்னாலேயே ஓர் ஆவணப்படக் குழு அலையும். அந்தக் கேமரா காட்டுவதைத்தான் நாம் பார்ப்போம். ஜேசன் ரிச்மன் உருவாக்கிய இந்தத் தொடரை ஏபிசி தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. முன்னோட்ட எபிசோடின் பெரும்பகுதி படமானது டெட்ராய்டில் அல்ல, அட்லாண்டாவில். தலைப்பிலுள்ள 187கூட கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு எண். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரைத் தவிர அந்த ஊரின் சுவடே அதில் அதிகம் இல்லாத நேரம் அது.

2010 மே 16. கொலை வழக்கில் சந்தேகிக்கப்பட்ட ஒருவரைத் தேடி, டெட்ராய்ட் போலீஸார் நள்ளிரவு தாண்டி ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். முதலில் கண்ணைப் பறிக்கும் ஒளிக்குண்டு. பிறகு ஓர் அதிகாரியின் துப்பாக்கி வெடித்தது. சோபாவில் படுத்திருந்த 7 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அன்றிரவு போலீஸாரோடு வந்திருந்தது 'தி ஃபர்ஸ்ட் 48' என்ற நிகழ்ச்சியின் படப்பிடிப்புக் குழு. நிஜக் கொலை விசாரணைகளைப் படம்பிடித்துக் காட்டும் நிகழ்ச்சி அது. போலீஸாருடன் இனி இத்தகைய குழுக்கள் போகக் கூடாது என்று மேயர் டேவ் பிங் தடை விதித்தார்.

அதே ஊர், அதே கொலைப் பிரிவு, அதே போலக் கூடவே வரும் கேமரா. ஏபிசி தன் தொடரிலிருந்து ஆவணப்படக் குழுவை நீக்கியது. சர்ச்சைக்குப் பயந்து செய்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பயமாகவே இருக்கட்டும், செய்தது சரி. ஒரு குழந்தையைப் பறிகொடுத்த ஊரில் அந்தப் பாவனையைத் தொடர்ந்திருந்தால் அது கொடுமை.

கதைக்கும் அதனால் நன்மையே விளைந்தது. மைக்கேல் இம்பெரியோலி நடித்த லூயிஸ் ஃபிட்ச் என்ற துப்பறிவாளரின் பெரிய ஆயுதம் மௌனம். சந்தேக நபரின் எதிரே வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார். எதிராளி தாங்க முடியாமல் பேசத் தொடங்குவான். அறையில் ஒரு படக்குழுவும் நிற்கிறது என்றால் அந்த மௌனம் கேமராவுக்காகச் செய்யும் வித்தையாகிவிடும். குழு விலகியதும் அந்த இருவரோடு நாமும் அடைபட்டுப் போகிறோம்.

தொடரை ஊருக்குள் கொண்டுவந்தது பணம்தான். மிச்சிகன் மாநிலம் 2008 முதல் படப்பிடிப்புச் செலவில் 42 சதவீதம் வரை வரிச்சலுகை தந்துகொண்டிருந்தது. கிட்டத்தட்ட முழுவதும் டெட்ராய்டால் சூழப்பட்ட ஹைலண்ட் பார்க்கில் அரங்கம் அமைந்தது. 1913இல் ஃபோர்டின் நகரும் உற்பத்தி வரிசை தொடங்கிய ஊர் அது. 2010 செப்டம்பர் 21 அன்று ஒளிபரப்பு ஆரம்பித்தபோது தெருக்களும் வானமும் டெட்ராய்டுடையவையாகவே இருந்தன.

பதினெட்டே எபிசோடுகள். கடைசி எபிசோட் 2011 மார்ச் 20 அன்று வந்தது. அதே வாரத்தில் மக்கள்தொகைக் கணக்கும் வெளியானது: 1950இல் 18 லட்சத்தைத் தாண்டியிருந்த டெட்ராய்டில் மிஞ்சியவர்கள் 7,13,777 பேர். புதிய ஆளுநர் ரிக் ஸ்னைடர் படப்பிடிப்புச் சலுகைக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் என்று வரம்பு கட்ட ஏற்கெனவே முன்மொழிந்திருந்தார். மே மாதம் ஏபிசி தொடரை நிறுத்தியது. ஃபிட்ச்சின் மௌனத்தை இன்னும் ஒரு வருடமாவது பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.