வாக்கியத்தின் எஜமானன்

ஆங்கில வாக்கியத்தை ஸப்ஜெக்ட், பிரெடிகேட் என்று இரண்டாக வெட்டுவது நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே கைவந்துவிடுகிற காரியம். குறுக்கே ஒரு கோடு. இந்தப் பக்கம் யார் அல்லது எது. அந்தப் பக்கம் அதைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது. மதிப்பெண் கிடைத்துவிடும். மனிதன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து வாக்கியம் இந்தக் கோட்டோடுதான் பிறந்தது என்ற நம்பிக்கையும் மதிப்பெண்ணோடு சேர்ந்து வந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கோட்டுக்குச் சரித்திரம் உண்டு. அதை முதலில் கிழித்தவர்கள் தர்க்கவாதிகள். இலக்கணக்காரர்கள் வெகுகாலம் கழித்துத்தான் அவர்களிடமிருந்து அதைக் கடன் வாங்கினார்கள்.

அரிஸ்டாட்டில் பயன்படுத்திய கிரேக்கச் சொல் ஹுபோகெய்மெனான். அடியில் கிடப்பது என்று பொருள். ஆறாம் நூற்றாண்டில் போயீதியஸின் எழுத்து வழியே லத்தீனில் நிலைபெற்ற ஸுபியெக்டும் என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய அதே அர்த்தம்தான்: கீழே போடப்பட்டது. அரசனுக்குக் கீழ்ப்பட்ட பிரஜையைக் குறிப்பதும் இதே சொல். நம் முன்னோர்கள் பிரிட்டிஷ் ஸப்ஜெக்டுகளாக இருந்தது இந்த அர்த்தத்தில்தான். பிரெடிகேட்டின் பூர்வகதை இன்னும் விசேஷமானது. அரிஸ்டாட்டில் அதற்கு எடுத்துக்கொண்ட காடெகோரெய்ன் என்ற வினைச்சொல், சபையில் ஒருவன் மேல் குற்றம் சாட்டுவதைக் குறித்து வந்தது. ஆக, வாக்கியத்தின் ஆதிக் காட்சி ஒரு வழக்கு. ஒருவன் கீழே நிற்கிறான். அவன் மேல் ஒன்று சுமத்தப்படுகிறது.

பழைய லத்தீன் இலக்கணத்துக்கு இது தேவைப்படவில்லை. கி.பி. 500ஐ ஒட்டி கான்ஸ்டான்டிநோபிளில் எழுதிய பிரிஸியனுக்குப் பெயரும் வினையும் வேற்றுமை உருபுகளும் போதுமானவையாக இருந்தன. இடைக்காலத்தில் தர்க்கமும் இலக்கணமும் நெருங்கி வந்தபோதுகூட இலக்கணக்காரர்கள் ஸுப்போஸிடும், அப்போஸிடும் என்று தங்களுக்கெனத் தனிச்சொற்களை வைத்துக்கொண்டார்கள். வேலி உடைந்தது 1660இல். போர்-ராயல் இலக்கணத்தை எழுதிய ஆர்னோவும் லான்ஸ்லோவும் வாக்கியம் என்பது மனம் செய்யும் தீர்ப்பு என்றார்கள். எல்லா வினைக்குள்ளும் ‘இருக்கிறது’ என்ற ஒரே வினை ஒளிந்திருப்பதாகவும் கண்டார்கள். பீட்டர் வாழ்கிறான் என்றால், பீட்டர் வாழ்கிறவனாக இருக்கிறான் என்று பிரிக்க வேண்டும். ‘அவன் கொற்றன்’ என்று வினையே இல்லாமல் முடித்துவிடுகிற ஒரு பாஷை அவர்கள் கண்ணில் பட்டிருந்தால் இந்தச் சூத்திரம் இவ்வளவு சுலபமாக உலகப் பொதுவாகியிருக்காது.

இங்கிலாந்தில் 1795இல் வெளிவந்து, பிறகு ஒரு தலைமுறைக்கு மேல் பள்ளிகளை ஆண்ட லிண்ட்லி மர்ரேயின் இலக்கணத்தில் பிரதானமான வேலை பார்ஸிங். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்து அதன் வகை, எண், வேற்றுமை சொல்வது. வாக்கியத்தை முழுதாகக் கிடத்தி அறுக்கும் முறை ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைச் செய்த கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கர் தொழிலால் வைத்தியர். மொழியை ஓர் உயிருடம்பாகப் பார்த்து 1827இல் புத்தகம் எழுதியவர். ஜே. டி. மோரெல் என்ற ஆங்கிலேயர் 1852இல் பெக்கரின் முறையைப் பள்ளிக்கூட அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தார். மோரெல் அரசாங்கப் பள்ளி இன்ஸ்பெக்டர். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பையன் ஒரு வாக்கியத்தை எப்படி உணர்கிறான் என்பதை இன்ஸ்பெக்டரால் அளக்க முடியாது. கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். 1877இல் அமெரிக்காவில் ரீடும் கெல்லாக்கும் கோட்டையே படமாக்கி, ஸப்ஜெக்டுக்கும் பிரெடிகேட்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு வெட்டும் போட்டுக் கொடுத்தார்கள்.

நமக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நெஸ்ஃபீல்ட். வடமேற்கு மாகாணத்தில் கல்வித்துறைத் தலைவராக இருந்தவர். அவருடைய இலக்கண வரிசை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்தியப் பள்ளிகளில் பரவியது. அதே மனிதர் 1885இல் அந்த மாகாணத்தின் ஜாதிகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஜாதிக்கு அடிப்படை தொழில் ஒன்றே என்பது அவர் வாதம். சொல்லை அது வாக்கியத்தில் செய்யும் வேலையை வைத்து வகைப்படுத்தியவர், மனிதர்களையும் அவர்கள் செய்யும் வேலையை வைத்தே அடுக்கினார். ஆளும் மனத்துக்கு அட்டவணை ஒன்றுதான். அதில் சொற்களும் அடங்கும், ஜனங்களும் அடங்குவார்கள். அவருக்குப் பின் 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டின் இதே பரம்பரை. அந்த ரென், 1924இல் ‘போ கெஸ்ட்’ என்ற பட்டாளத்து நாவலை எழுதிய அதே பி. ஸி. ரென்.

இத்தனைக்கும், ஆங்கிலமே தன் வரலாற்றில் இந்தக் கோட்டுக்கு எப்போதும் கட்டுப்பட்டிருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதை ஏறக்குறைய நாம் சொல்வது போலவே நான்காம் வேற்றுமையில் சொன்னார்கள். ஷேக்ஸ்பியரில் அடிக்கடி வரும் ‘மீதிங்க்ஸ்’, அச்சாக நம் ‘எனக்குத் தோன்றுகிறது’தான். டேனிஷ் அறிஞர் யெஸ்பர்ஸன் 1894இல் ஒரு உதாரணத்தால் இந்த மாற்றத்தை விளக்கினார். ராஜாவுக்குப் பேரிக்காய்கள் பிடித்தன என்பது பழைய வாக்கியம். பேரிக்காய்தான் எழுவாய். வேற்றுமை உருபுகள் தேய்ந்து உதிர்ந்தபின், வினைக்கு முன்னால் நிற்கிற ராஜா, ராஜாவுக்கா, வெறும் ராஜாவா என்று தெரியாமல் போயிற்று. முன்னால் நிற்பவனே எழுவாய் என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ராஜா பேரிக்காய்களை விரும்பினார் என்றாயிற்று. விருப்பம் வந்து சேருகிற இடமாக இருந்தவன், விருப்பத்தைச் செய்கிறவனாக மாறிவிட்டான். வினைக்கு முன் அந்த ஆசனம் காலியாக இருக்கக் கூடாது என்பது விதியாகிவிட்டது. மழை பெய்வதற்குக்கூட ‘இட்’ என்று ஒரு பொம்மையைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

பொம்மையைத் தத்துவக்காரர்களும் கவனித்தார்கள். நான் யோசிக்கிறேன் என்பதைவிட, மின்னுகிறது என்பது போல யோசிக்கிறது என்று சொல்ல வேண்டும் என லிக்டன்பெர்க் குறித்து வைத்தார். ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் ஒரு செய்பவனை வைப்பது இலக்கணப் பழக்கம்தான் என்று நீட்ஷே 1886இல் எழுதினார். ஃப்ரேகே 1879இல் தர்க்கத்திலிருந்தே ஸப்ஜெக்டையும் பிரெடிகேட்டையும் வெளியேற்றினார். கிரேக்கர்கள் பாரசீகர்களைத் தோற்கடித்தார்கள் என்றாலும், பாரசீகர்கள் கிரேக்கர்களால் தோற்கடிக்கப்பட்டார்கள் என்றாலும் தர்க்கத்துக்கு உள்ளடக்கம் ஒன்றே என்பது அவர் கட்சி. கோட்டைக் கண்டுபிடித்த தர்க்கமே அதை அழித்துவிட்டது. பள்ளிக்கூடம்தான் இன்னும் கிழித்துக்கொண்டிருக்கிறது.

ஃப்ரேகேயின் கடைசி முடிவை மட்டும் என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு அது கஷ்டம். மேலிடத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் ‘இட் ஹாஸ் பீன் டிஸைடட்’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. இலக்கணப்படி குறை சொல்ல முடியாத வாக்கியம். எழுவாய் ஸ்தானத்தில் மழைக்கு வைத்த அதே பொம்மை. தீர்மானித்த ஆள் மட்டும் இல்லை. இதைத் தமிழாக்கும்போது ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’ என்கிறோம். பொம்மையை விட்டுவிட்டோம், ஆள் மறைவதை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டோம்.

தமிழ் இலக்கணம் வேறு திசையில் யோசித்திருக்கிறது. எழுவாய் என்பது எழுகிற இடம். பயனிலை என்பது பயன் நிலைக்கிற இடம். அடியில் கிடப்பவனும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. தொல்காப்பியம் பயனிலையை ஆறு வகையாகச் சொல்கிறது. அவற்றில் வினை ஒன்றுதான். பெயரும் வினாவும்கூடப் பயனிலையாகலாம். எழுவாய் வெளியே தெரிய வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லின் வாலில் ஆள் நிற்கிறான். தோன்றா எழுவாய் என்பது இல்லாத எழுவாய் அல்ல.

புதுக்கவிதையின் வரிகளில் எழுவாய் எங்கே என்று தேடுகிற விமர்சகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையிலிருப்பது மோரெலின் கத்தி. அவர்கள் சந்தேகிக்க வேண்டிய இடம் வேறு. எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் கவிதையின் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எல்லா உறுப்பும் சரியாக இருக்கிற ‘படுகிறது’ வாக்கியங்களில்தான் ஒருவரும் இல்லை.