கொடிக்காலும் ஏவுகணையும்



அண்ணல் நினைவு நாள் உரைக்கு என்ன தலைப்பு என்று அமைப்புத் தோழர் போனில் கேட்டார். ஏவுகணைத் தளங்களை எதிர்த்த ஊர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்விதான். பதிலை அண்ணலிடமிருந்தே தொடங்குகிறேன்.

1951 செப்டம்பரில் அவர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக விலகினார் என்று மேடைதோறும் சொல்கிறோம். அது உண்மை. ஆனால் அவருடைய விலகல் அறிக்கையை முழுதாகப் படித்தால் இன்னொரு கணக்கும் அதில் இருக்கிறது. ஆண்டுக்கு அரசு திரட்டும் வருவாய் 350 கோடி ரூபாய். அதில் சுமார் 180 கோடியை ராணுவம் எடுத்துக்கொள்கிறது என்கிறார். பட்டினி கிடக்கும் நாட்டில் இவ்வளவு பெரிய செலவுக்கு வெளியுறவுக் கொள்கையே காரணம் என்றும் சொல்கிறார். இவர் சுபேதார் ராம்ஜியின் மகன். மஹர் இளைஞர்களுக்குப் படையில் இடம் வேண்டும் என்று வாதாடியவர். 1941இல் மஹர் படைப்பிரிவு உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. ராணுவத்தின் மீது வெறுப்பு என்று அவரைச் சொல்லிவிட முடியாது. யாருடைய சோற்றிலிருந்து இந்தச் செலவு எடுக்கப்படுகிறது என்று கேட்டார். நான் கேட்கப்போவது அதே கேள்வியை ஒட்டியது: யாருடைய மண்ணிலிருந்து?

ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் சுவர்ணரேகா ஆறு கடலில் சேரும் பகுதியில் பாலியாபால், போக்ராய் என்று இரண்டு வட்டாரங்கள். நெல், நிலக்கடலை, தென்னை, எல்லாவற்றுக்கும் மேலாக வெற்றிலை. 1980களின் நடுவில் இந்தக் கரையில் தேசிய ஏவுகணைச் சோதனைத் தளம் அமைக்க ஒன்றிய அரசு முடிவு செய்தது. மேலே ராஜீவ் காந்தி, மாநிலத்தில் ஜே.பி. பட்நாயக். வங்கக் கடலை நோக்கி நெடுந்தூரம் சுடலாம், குறுக்கே ஊர் இல்லை என்பது நிபுணர்களின் கணக்கு. சுடுகிற இடத்தில் ஊர் இருந்தது. பல்லாயிரம் பேர் வெளியேற வேண்டும், அவர்களுக்கு மாதிரிக் கிராமங்கள் கட்டித் தருவோம் என்றார்கள்.

மக்கள் வட பாலசோர் ஏவுகணைத் தள எதிர்ப்புக் குழுவை அமைத்தார்கள். ஊருக்குள் வரும் வழிகளில் மூங்கில் தடுப்பு போட்டு இரவும் பகலும் காவல் இருந்தார்கள். அதிகாரி ஜீப் தூரத்தில் தெரிந்தால் சங்கு ஊதுவார்கள், பெண்கள் தாம்பாளத்தைத் தட்டுவார்கள். அந்த ஒலி வீடு வீடாக, ஊர் ஊராகத் தாவும். சில நிமிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பாதையில் நிற்பார்கள். குழந்தைகளும் பெண்களும் முன்வரிசையில். வரி கட்ட மறுத்தார்கள். அரசு மண்ணெண்ணெய், சர்க்கரை வரத்தை நிறுத்திப் பார்த்தது. தேசத் துரோகிகள் என்ற பட்டமும் வந்தது. இந்தப் பட்டம் கிடைக்காத போராட்டம் இந்தியாவில் ஏதாவது உண்டா, தெரியவில்லை.

அந்தத் தளம் அங்கே வரவே இல்லை. அதே மாவட்டத்தில் சாந்திப்பூரில் இருந்த தளத்தை விரிவாக்கினார்கள். 1989 மே 22 அன்று முதல் அக்னி ஏவுகணை அங்கிருந்துதான் பறந்தது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் நம் ராமேஸ்வரத்துக்காரர். பின்னர் சோதனைகளில் பல, கடலுக்குள் இருக்கும் வீலர் தீவுக்குப் போயின. 2015இல் அந்தத் தீவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. எதிரி ஏவுகணையை வானிலேயே மறித்து அடிக்கும் இந்தியாவின் தடுப்பு ஏவுகணைகள் 2006 முதல் சோதிக்கப்பட்டு வருவதும் அந்தக் கரையில்தான். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தில் ஏவுகணை மாதிரிகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அங்கே பாலியாபால் என்ற பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

பாலியாபால் பற்றி வசுதா ஜோஷியும் ரஞ்சன் பாலித்தும் 1988இல் எடுத்த ஆவணப்படம் உண்டு. சமூகவியல் முதுகலை படித்த நாட்களில் ஒரு திரையிடலுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். அம்மா கொடிக்கால் கூலி. இங்கே அகத்தியில் கொடி ஏற்றுவோம். அவர்கள் மூங்கிலும் வைக்கோலும் வேய்ந்து, வீடு போல நிழல் கட்டி உள்ளே கொடி வளர்ப்பார்கள். "எத்தனை நாள் வேலை கெடைக்கும் அதுல?" என்று அம்மா மெதுவாகக் கேட்டது. பிறகு, "கொடி யாருது?" என்றது. திரையிடலுக்குப் பின் நடந்த விவாதத்தில் இரண்டு பேராசிரியர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். அம்மாவின் இரண்டாவது கேள்வி அதில் வரவே இல்லை.

நான் அதைப் பிறகுதான் யோசித்தேன். பாலியாபாலில் நிலம் உள்ளவர்களுக்கு நல்ல வருமானம், அதனால் நல்ல காரணம். நிலமில்லாத கூலிகளும் மீனவர்களும் அதே தடுப்பில் நின்றார்கள். அவர்களுக்குக் காரணம் இன்னும் கூர்மையானது. அன்றைக்கு நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம். அதில் இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவருக்கு. கொடிக்காலில் முப்பது வருஷம் வெற்றிலை கிள்ளியவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் அங்கே இல்லை. நிலக்காரர் தோற்றிருந்தால் காசு வாங்கிக்கொண்டு போயிருப்பார். கூலிக்காரர் தோற்றிருந்தால் வெறுங்கையோடு போயிருப்பார். அந்த ஒற்றுமையைப் புகழ்கிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் வழக்கு.

எதிர்த்து நிற்கக்கூட முடியாமல் போனவர்களும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா தீவில் ராக்கெட் தளம் வந்தபோது அங்கே இருந்தவர்கள் யானாதிப் பழங்குடிகள். காட்டையும் காயலையும் நம்பி வாழ்ந்தவர்கள், கையில் பட்டா இல்லாதவர்கள். 1971இல் முதல் ராக்கெட் பறந்தது. அவர்கள் போட்ட மூங்கில் தடுப்பு பற்றி எந்த ஆவணப்படமும் கிடையாது.

கடல் தாண்டினால் தியேகோ கார்சியா. ஆப்பிரிக்க அடிமைகளின் வழி வந்தவர்களும், நம் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் வழி வந்தவர்களும் அந்தச் சாகோஸ் தீவுகளில் தென்னந்தோப்பு வேலை செய்து பல தலைமுறை வாழ்ந்தார்கள். அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் வேண்டியிருந்தது. 1965இல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரீஷியசிலிருந்து பிரித்தது; 1968 முதல் 1973க்குள் எல்லோரையும் அப்புறப்படுத்தியது. ஐ.நா.வுக்குச் சொன்ன சாக்கு என்ன தெரியுமா? அங்கே நிலையான குடிகள் இல்லை, வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளிகள்தான் என்பது. கூலி என்றால் குடி இல்லை. நம் காதுக்குப் பழக்கமான வாதம். பன்னாட்டு நீதிமன்றம் 2019இல் அந்தப் பிரிப்பு சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்று கருத்துரை வழங்கியது. தளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இனி தென்கொரியா. சோங்ஜு என்ற வட்டம் முலாம்பழத்துக்குப் பேர்போனது. நாட்டின் மஞ்சள் முலாம்பழத்தில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. 2016 ஜூலை 13 அன்று, அமெரிக்காவின் 'தாட்' ஏவுகணைத் தடுப்புக் கருவியை உங்கள் நகரை ஒட்டிய குன்றில் வைக்கிறோம் என்று அரசு அறிவித்தது. மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளக்கம் சொல்ல வந்த பிரதமர் மீது முட்டை பறந்தது. அவருடைய வண்டியை மணிக்கணக்கில் மறித்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று ஏறத்தாழ தொள்ளாயிரம் பேர் மொட்டை அடித்துக்கொண்டார்கள். இரவு தோறும் மெழுகுவத்தி ஏந்தினார்கள். ஆளுங்கட்சிக்கு அள்ளி வாக்களித்த ஊர் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். முதலில் எதிர்த்த வட்டத் தலைவரே ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேறு இடம் பாருங்கள் என்று அரசைக் கேட்டார். அரசு பார்த்தது. அதே வட்டத்தின் ஓரத்தில், மலை மேல் லோட்டே நிறுவனத்தின் கோல்ஃப் மைதானம். அதன் அடிவாரத்தில் சோசோங்ரி என்ற சிற்றூர், பெரும்பாலும் வயதானவர்கள். பக்கத்திலேயே வோன் பௌத்தர்களின் புனிதத் தலம். நகரத்தின் கூட்டம் மெல்லக் கரைந்தது. பாட்டிமார்களும் வோன் பௌத்தத் துறவிகளும் அண்டை நகரமான கிம்சோன் மக்களும் சாலையில் மிஞ்சினார்கள். 2017 ஏப்ரல் 26 விடியுமுன், ஆயிரக்கணக்கான போலீஸ் காவலோடு கருவிகள் மேலே போயின. அதிபர் மாறினார், செப்டம்பர் 7 அன்று மீதி நான்கு ஏவுகருவிகளும் அதே மாதிரிப் போலீசோடு போயின.

ஊருக்கு நடுவில் ஆகாதது ஊர்க்கடைசியில் ஆகும். குப்பைக்கிடங்கு, சுடுகாடு, கழிவுநீர்ப் பண்ணை எங்கே வருகிறது என்று மதுரையைச் சுற்றியிருக்கும் ஊர்களில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலியாபால் வென்றதும் சாந்திப்பூருக்குத்தான் போனது. இன்றும் அங்கே ஏவுகணை பறக்கும் நாளில் பக்கத்து ஊர்க்காரர்களைப் பேருந்தில் ஏற்றித் தற்காலிக முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாததற்குக் கொஞ்சம் பணம், சாப்பாடு. பாலியாபால் மக்கள் மீது இதற்காக எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர்கள் வேறெங்காவது வையுங்கள் என்று கேட்டு நிற்கவில்லை. மண்ணை விட மாட்டோம் என்றார்கள்.

நேதர்ஹாட் ஆதிவாசிகள் இன்னும் நீண்ட காலம் நின்றார்கள். இன்றைய ஜார்க்கண்டில் 245 கிராமங்கள், 1,471 சதுர கிலோமீட்டர், பீரங்கிப் பயிற்சிக்கு என்று அறிவிக்கப்பட்டது. 1994 மார்ச் 22 அன்று ராணுவ வண்டிகள் டுடுவாபானிக்கு வந்தபோது பல்லாயிரம் பேர் சாலையில் கிடந்தார்கள், பெண்கள் முன்னால். மறுநாள் வண்டிகள் திரும்பின. ஆனால் அறிவிப்பு திரும்பவில்லை. அது 2022 மே மாதம் வரை காகிதத்தில் உயிரோடு இருந்தது. அந்த ஏப்ரலில் ராஞ்சி வரை நடந்தார்கள். ஆகஸ்டில் ஹேமந்த் சோரன் அரசு, இனி நீட்டிப்பு இல்லை என்றது. காகிதத்தை எடுக்க இருபத்தெட்டு வருஷம்.

காகிதம் என்றதும் நமக்குப் பஞ்சமி நிலம் நினைவுக்கு வரும். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கை, 1892 அரசாணை, கைக்கு வந்து பறிபோன ஏக்கர்கள். 1994 அக்டோபர் 10 அன்று அந்த நிலத்தைக் கேட்டதற்காகவே ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் சுடப்பட்டார்கள். நேதர்ஹாட்டில் ராணுவம் திரும்பிப்போன அதே வருஷம். காகிதம் கையில் இருந்தும் நம்மிடம் நிலம் இல்லை.

2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியது. நிலம் இல்லாவிட்டாலும், கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த இடத்தில் வேலை செய்து பிழைத்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று அது சொல்கிறது. இங்கே இருக்கும் வழக்கறிஞர் தோழர்களிடம் கேட்கிறேன்: அந்த மூன்று ஆண்டுகளை எதைக் காட்டி நிரூபிப்பது? கொடிக்கால் கூலிக்கு ரசீது கிடையாது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போன மாதம் அம்மாவிடம், நீ வேலை பார்த்ததற்கு ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து ரொம்ப நேரம் தேடியது. ரேஷன் அட்டை இருந்தது, ஓட்டு அட்டை இருந்தது. மூடி வைத்துவிட்டு, "கவுளி எண்ணிக் குடுத்தா காசு குடுத்தாங்க, அதுல என்னத்தக் கேக்குறது" என்றது.